உள்ளங்கை மாத்திரை

மதுரை டாக்டரின் ஜீப் ஆத்தூர் ரோட்டில் ஏறிவிட்டது. வாசலில் கிளம்பிய புழுதி இன்னும் வெயிலில் மிதக்கிறது. சண்முகவள்ளி மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு நிலைப்படியில் நிற்கிறாள். அக்கா ஒச்சம்மாள் கட்டிலில் எழுந்து உட்கார்ந்திருக்கிறாள். தலைப்பிரசவத்தில் ரத்தம் கொட்டி, மூளைக்கு அடியில் கடலையளவு இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி செத்துப்போனதாம். இத்தனை வருஷம் போர்வைக்குள் கட்டையாகக் கிடந்ததற்கு அதுதான் காரணமாம். கட்டையாகக் கிடந்தாள் என்றுதானே அக்கா புருஷன் நாச்சிமுத்துவுக்கு வள்ளியையும் இரண்டாந்தாரமாகக் கட்டிவைத்தார்கள். இப்போது டாக்டர் ஆராய்ச்சிக்கென்று கொண்டுவந்த இந்தக் கார்டிசோன் மாத்திரை உள்ளே போகப் போக, அக்காவின் முகத்தில் களை திரும்புகிறது. டாக்டர் அவளை வெளிச்சத்தில் உட்காரவைத்து போட்டோ எடுத்தார். வள்ளியை யாரும் போட்டோ எடுத்ததில்லை. நாச்சிமுத்து தோட்டத்திலிருந்து வந்து இலைப்பொட்டலத்தைப் பிரிக்கிறான். தினமும் வள்ளிக்கென்று வரும் மல்லிகைச் சரத்தை இன்று இரண்டாகக் கிள்ளுகிறான். பெரிய துண்டு அக்காவின் மடியில் விழுகிறது. "இம்புட்டுப் பூவ எங்கிட்டு வைக்க? முடி எங்க இருக்கு?" என்று அக்கா சிரிக்கிறாள். அவனும் சிரிக்கிறான். அவனிடம் இப்படி ஒரு சிரிப்பு இருப்பதே வள்ளிக்குத் தெரியாது. "ஒரு வேளகூடத் தவறக் கூடாதும்மா, தவறினா உசுருக்கே ஆபத்து" என்று டாக்டர் இவளிடம்தான் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். அவன் கால் கழுவக் கொல்லைப்புறம் போகிறான். வள்ளியின் விரல்கள் மாத்திரையின் மேல் மூடிக்கொள்கின்றன. உள்ளங்கை வேர்க்கிறது. அக்கா சிரிப்பை நிறுத்திவிட்டு அந்தக் கையையே பார்க்கிறாள். பிறகு தன் கையை நீட்டுகிறாள். "கொண்டா வள்ளி," என்கிறாள் மெதுவாக. "கையிலயே கரஞ்சுறப் போகுது."