படகு மாற்றம்

அந்தப் பாய்மரப் படகுப் போட்டியில் ஒவ்வொரு பந்தயத்துக்கும் ஸ்வீடன், டென்மார்க் இரண்டு அணிகளும் படகை மாற்றிக்கொள்வதுதான் வழக்கம். ஸ்வீடனின் மார்ஸ்ட்ராண்ட் கடலில் காற்று குறைந்துகொண்டே வந்ததால், நேரத்தை மிச்சப்படுத்தக் கடைசிப் பந்தயத்தை அதே படகுகளில் ஓட்டச் சொல்லிவிட்டார் நடுவர்.

"மாத்திக்கிட்டே ஓட்டலாமே சார்," என்று ஸ்வீடன் அணியின் சிக்னே மட்டும் கெஞ்சினாள். எடுபடவில்லை.

பாதி வழியில் டென்மார்க் பெண்கள் கையாட்டிவிட்டுத் தாண்டிப் போனார்கள்.

"பாயெல்லாம் சரியாத்தானே இருக்கு, ஏண்டி நகர மாட்டேங்குது?" சிக்னேயின் படகில் சுக்கான் பிடித்திருந்த தூவா அழாத குறையாகக் கேட்டாள்.

"அடியில வலை சிக்கியிருக்கு," என்றாள் சிக்னே.

"எப்போ பார்த்தே?"

"போன பந்தயம் முடிஞ்சதும்."

"அப்பவே சொல்லியிருந்தா எடுத்திருக்கலாமேடி. இப்ப நிறுத்தவும் முடியாதே."

சிக்னே முன்னால் போகும் படகையே பார்த்தாள்.

"அடுத்து இதுல அவங்கதானே ஏறப் போறாங்கன்னு இருந்துட்டேன்."