பாக்கெட் இல்லாத கவுன்

"கொக்கி வேணாம். ஜிப் வேணாம். இரும்புப் பட்டன் கூடாது. பாக்கெட் வேணவே வேணாம்."

மழைக்கோட்டுக்காரி சொல்லச் சொல்ல எழுதிக்கொண்ட தையல்காரி மூக்கைச் சுருக்கினாள். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை வருகிறாள். இது மூன்றாவது கவுன். மூன்றுக்கும் இதே பல்லவி. மழையோ வெயிலோ, கழுத்து வரை பட்டன் போட்ட அந்தக் கோட்டு வேறு.

"அளவு?"

அவள் இரண்டு கைகளையும் காற்றில் பிடித்தாள். "தோள் இவ்வளவு." கைகளைச் சற்று இறக்கினாள். "இடுப்பு இவ்வளவு. ஒரு விரக்கடை கூட்டியே வைங்க, வளர்ற புள்ளை."

தையல்காரி அந்தக் கைகளுக்கு நடுவில் டேப்பைப் பிடித்தாள். இத்தனை வருஷத் தொழிலில் காற்றுக்கு அளவெடுத்தது இவளுக்காகத்தான்.

"பாப்பாவையே ஒரு நடை கூட்டிட்டு வந்துடலாமே அக்கா?"

"அவளால வர முடியாது. சனிக்கிழமை காலையில வேணும்."

அவள் படி இறங்கியதும், இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த கணவன் பக்கம் திரும்பினாள் தையல்காரி.

"ஏங்க, பெத்தவளா இருந்தா புள்ளையைக் கூட்டிட்டு வரமாட்டாளா? வீட்டு வேலைக்கு வெச்சிருக்கிற புள்ளையோ என்னவோ. எதையாவது எடுத்து ஒளிச்சுக்கும்னுதான் பாக்கெட் வேணாங்கிறா!"

"உனக்கெதுக்கு ஊர் வம்பு? கேட்டதைத் தெச்சுக் குடு."

"வம்பு என்ன? சும்மா தெரிஞ்சுக்கலாம்னுதான்."

தெருவில் பாதி வீட்டு விவகாரம் அவளுக்கு அத்துப்படி. இது ஒன்று மட்டும் பிடிபடாமல் மண்டையைக் குடைந்தது. கூடவே, பார்க்காத அந்தப் பிள்ளை மேல் பாசமும் வந்து தொலைத்தது.

கடைசியில், பக்கத் தையலுக்குள் வெளியே தெரியாமல் ஒரு குட்டிப் பாக்கெட் வைத்தாள். தன் மகளின் பட்டாம்பூச்சி ஹேர் கிளிப் ஒன்றை அதற்குள் போட்டாள். குழந்தை கண்டுபிடித்துத் துள்ளுவதை நினைத்தபோதே மனசு நிறைந்துவிட்டது.

சனிக்கிழமை காலையில் கவுனை வாங்கிப் போன மழைக்கோட்டுக்காரி, மத்தியானமே திரும்பி வந்தாள். கிளிப்பை மேஜை மேல் வைத்தாள்.

"இதை வெச்சது நீங்களா?"

"நான்தான்! ஒரு குழந்தைக்குப் பாக்கெட்கூட குடுக்காம நீங்க..."

"அவ அப்பா ஜெயில்ல இருக்காரும்மா."

கணவன் கையில் இஸ்திரிப் பெட்டி பாதியில் நின்றது.

"மூணு மாசத்துக்கு ஒரு தடவைதான் பக்கத்துல உட்கார்ந்து பார்க்க விடுவாங்க. வாசல்ல மிஷின் இருக்கு. துளி இரும்பு இருந்தாலும் கத்தும். கத்தினா, தலையிலேர்ந்து கால் வரைக்கும் கையால தொட்டுச் சோதிக்கணும். அதுல பயந்து அழ ஆரம்பிச்சாள்னா, அப்பாகிட்ட இருக்கிற இருபது நிமிஷமும் அழுதே தீர்த்துடுவா. நீங்க தெச்ச முதல் ரெண்டு கவுனுக்கும் மிஷின் கத்தலை. யாரும் தொடலை. சிரிச்சுக்கிட்டே ஓடி அப்பா மடியில உட்கார்ந்தா."

"இன்னிக்கு?"

"பஸ் ஸ்டாப்புல வெச்சு அவ அம்மாகிட்ட குடுத்தேன். புள்ளை ஆசையா மாத்திக்கிட்டு வந்தா. மிஷின் கத்திடுச்சு. ஒளிச்சுத் தெச்ச பாக்கெட், உள்ள இரும்புக் கிளிப். பெரிய அதிகாரி வந்து அவ அம்மாவைக் கேள்வி மேல கேள்வியாக் கேட்டுட்டார். எல்லாம் முடிஞ்சு உள்ள போறப்ப மிச்சம் மூணே நிமிஷம்."

தையல்காரிக்குக் கண் நிறைந்துவிட்டது. தன் மேலேயே வந்த கோபத்தை யார் தலையிலாவது இறக்கி வைக்க வேண்டும்போல் இருந்தது.

"நான் செஞ்சது தப்புதான் அக்கா. ஆனா ஒரு பச்சப் புள்ளையைத் தொட்டுச் சோதிக்க அந்தக் காவல்காரப் பொம்பளைக்கு எப்படித்தான் மனசு வந்துச்சு? நெஞ்சுல ஈரமே கிடையாதா அவளுக்கு?"

மழைக்கோட்டுக்காரி கோட்டின் பட்டன்களை ஒவ்வொன்றாகக் கழற்றினாள். உள்ளே ஜெயில் காவலர் உடுப்பு. அன்றைக்கு அளவு காட்டியதுபோலவே இரண்டு கைகளையும் காற்றில் பிடித்தாள்.

"இந்தக் கைதான்மா. இல்லேன்னா அவ அளவு எனக்கு எப்படித் தெரியும்?"