கணேசின் குடி

அறையில் இருந்தவர்கள் நான்கு பேர். வத்தேகம டவுனில் நெடுங்காலமாக டிஸ்பென்சரி வைத்திருக்கும் டொக்டர் மயில்வாகனம். ஹாட்வெயார் கடையில் சீமெந்து மூட்டை தூக்கும் கணேஸ். அவன் மனைவி நிரோஷா. கதவடி வாங்கில், அடுத்த நம்பர்க்காரனாக, கணேஸ் குடியிருக்கும் அதே தோட்டத்து லயத்து லெட்சுமணன் உட்கார்ந்திருந்தான்.

அடுத்த ஆள் உள்ளே வந்து உட்கார்ந்திருப்பதுதான் அங்கே வழக்கம். நேரம் மிச்சம். மற்றவன் வியாதியைக் கேட்பது இலவசம்.

நிரோஷாவின் இடது கன்னம் வீங்கிக் கறுத்திருந்தது.

"படியில விழுந்துட்டேங்க," என்றாள்.

டொக்டர் குனிந்து கன்னத்தைத் தொட்டுப் பார்த்தார். கசிப்புச் சாராய வாடை குப்பென்று அடித்தது. நிமிர்ந்தபோது அவர் கண் நேராகக் கணேசிடம் போனது.

"ஒளிக்காமல் சொல்லும், கணேஸ். கிழமைக்கு எத்தினை நாள் குடிக்கிறனீர்?"

கணேஸ் தரையைப் பார்த்தான்.

"தெனமுங்க டொக்டர்."

"குடிச்சால் கை நீளுமோ?"

அதற்கும் தலையாட்டினான்.

டொக்டர் திட்டவில்லை. திட்டக் கூடாது என்று கண்டியில் நடந்த பயிற்சியில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். திட்டியிருந்தால் கணேஸ் தாங்கியிருப்பான். அவரோ கதிரையைக் கிட்ட இழுத்து, தம்பி என்று கூப்பிட்டு, ஈரல் எப்படிக் கெடும், குடியை எப்படிக் கொஞ்சங்கொஞ்சமாகக் குறைக்கலாம் என்று பொறுமையாக விளக்கினார். ஒவ்வொரு நல்ல சொல்லுக்கும் கணேசின் காது சுட்டது.

வாங்கில் லெட்சுமணன் சிரித்தான். "அடப்பாவி, காவடி எடுக்கிற சாமியில்லையாடா நீ? எங்க ஒருத்தன் கண்ணுலயும் படாம எங்கடா ஊத்துற?"

இருட்டுவதற்குள் கதை லயம் முழுக்கப் போய்விடும். போகட்டும். பொண்டாட்டியை அடிக்கிற குடிகாரன் என்றால் லயம் இரண்டு நாள் பேசும். மூன்றாம் நாள் அவனுக்கே ஒரு கிளாஸ் ஊற்றி நீட்டும்.

பிள்ளைக்காம்பராவில் கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிறவள் குடிக்கிறாள் என்று தெரிந்தால்? தோட்டம் அவளை அன்றைக்கே நிறுத்திவிடும். பிள்ளையை விட்டுவிட்டுக் கொழுந்தெடுக்கப் போகிற ஒரு தாயும் அப்புறம் அவள் முகத்தில் முழிக்க மாட்டாள்.

கணேஸ் ஒரு சொட்டுத் தொட்டவனில்லை. நிரோஷா படியில்தான் விழுந்தாள்.

குடிப்பதுண்டா என்று டொக்டர் அவளிடம் கேட்கவே இல்லை. எல்லாரிடமும் கேளுங்கள் என்றுதான் பயிற்சியில் சொன்னார்கள். ஒரு பொம்பிளையிடம் கேட்கிற கேள்வியா அது?

அவர் கேட்காதது கணேசுக்கு நிம்மதியாக இருந்தது. அந்தக் கைக்குழந்தைகளை நினைத்துக்கொண்டான். அப்போதுதான் அவனுக்கு உண்மையாகவே வெட்கம் வந்தது.

"நீர் வெளியில நில்லும், தம்பி. தங்கச்சியோட தனியக் கதைக்க வேணும்," என்றார் டொக்டர். லெட்சுமணனையும் கைகாட்டி எழுப்பினார்.

வாசலைத் தாண்டிய கணேஸ் திரும்பி நிரோஷாவைப் பார்த்தான். வேண்டாம் என்று தலையை மட்டும் அசைத்தான்.

நிரோஷா சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து கதவுவரை வந்தாள்.

"போதுங்க," என்றாள், அவனுக்கு மட்டும் கேட்கிற மாதிரி. "நீங்க வாங்கிக் கட்டிக்கிட்டது போதும்."

அவன் முகத்துக்கு நேரே கதவைச் சாத்தி, தாழ்ப்பாளையும் அவளே போட்டாள்.