ஏரிக்கரைச் சாமி

எங்கள் பதினேழு வீடுகளுக்கும் ஒரே சாமி, வேப்பமரத்தடியில் முழங்கால் உயரக் கல். ஏரியை அளக்க வந்த சர்வேயர் அதன் முன் குந்தி, தலைமுறைகளாகப் பூசிய மஞ்சளை நகத்தால் சுரண்டினார். அடியில் அம்புக்குறியும் எண்ணும் தெரிந்தன.

"மத்த ஊர்ல ஏரி எல்லைக் கல்லையே புடுங்கிட்டாங்க. நீங்கதான் பத்திரமா வச்சிருக்கீங்க" என்றவர், எங்கள் வீடுகள் பக்கம் கைகாட்டினார். "இதுக்கு அந்தாண்ட பூரா ஏரி. காலி பண்ணணும்மா."

பூசை செய்யும் பச்சையம்மாள் மறுநாள் காலையில் கடப்பாரையோடு வந்தாள். ஊரே சுற்றி நின்றது. கடப்பாரையைக் கீழே வைத்துவிட்டுக் கற்பூரம் ஏற்றினாள்.

"இது அணையட்டும். அப்புறம் புடுங்கலாம்."

அது அணைவதற்குள் யாரோ இன்னொரு வில்லையை வைத்தார்கள்.