ஹானிகன் குடிசை

யூகலிப்டஸ் காட்டுக்குள் இடிந்து நின்ற புகைபோக்கியைக் காட்டி வழிகாட்டி டாரில் உருகினான்.

"கொள்ளைக்காரர் ஹானிகன் ஒளிஞ்சிருந்த குடிசை! ஏழைகளோட காவலர்!"

சுற்றுலாக் கூட்டத்தில் ஒரு பெண் கல்லொன்றைக் கைப்பைக்குள் போடுவதைப் பார்த்துவிட்டான்.

"ஏம்மா, வெக்கமாயில்ல? பாரம்பரியச் சின்னம் இது. ஒரு கல்லை எடுத்தாலும் திருட்டுதான்!"

"இவ்வளவு நேரம் திருடனைத்தானே தம்பி புகழ்ந்தே?"

கூட்டம் சிரித்தது. டாரிலின் முகம் சிவந்தது.

"அவரும் நீங்களும் ஒண்ணா? இந்தக் குடிசைக்கும் உங்களுக்கும் என்ன சம்பந்தம்?"

"கட்டினதே எங்க எள்ளுத்தாத்தா, வில்ஃப்ரெட் டன்ஸ்டல். ஆடு மேய்ச்ச ஏழை. குடிசையைத் தரமாட்டேன்னதுக்கு, வாசல்லயே சுட்டுக் கொன்னான் உன் காவலன்."

டாரில் அவசரமாகத் தகவல் பலகையைப் படித்தான். ஹானிகனின் குதிரைக்கு என்ன பெயர் என்பதுவரை எழுதியிருந்தது. டன்ஸ்டலைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.