குடை இலை

செருப்பு முனையால் அந்த வட்ட இலையை நெம்பிக் காட்டினார் மேனேஜர் ஹரிஹரன்.

"வல்லாரைச் சம்பல் போட உனக்கு என் புல்வெளிதான் கெடச்சுதா? ஊர்லேர்ந்து கொண்டாந்து நட்டுட்டு, ஒண்ணும் தெரியாதவ மாதிரி நிக்கிறே!"

ராஜகுமாரிக்குக் காது சுட்டது.

நட்டு வைத்தாளாம்.

பெரார்கஞ்சிலிருந்து முதல் பஸ் பிடித்து வருகிறவள். ஓராண்டாக இந்த ரிசார்ட் புல்லில் குனிந்த முதுகு. களைக்கொத்தைப் படுக்க வைத்துச் செருகி, கொடியை அறுக்காமல், கணுக்கணுவாகத் தொட்டுப் போய் வேரோடு உருவுவாள். ஒரு கணு மண்ணில் தங்கினால் பத்தே நாளில் நாலாகிவிடும். இலையை மட்டும் கிள்ளிப்போட்டு ஒருநாளும் யாரையும் ஏமாற்றியதில்லை.

அவளுடைய அப்பா அம்மா கண்டித் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து இந்தத் தீவில் ரப்பர் பால் வெட்டியவர்கள். வல்லாரையைப் பொடியாக நறுக்கித் தேங்காய்ப்பூவோடு பிசைந்த சம்பல் இல்லாத வாரம் வீட்டில் இல்லை. உண்மைதான்.

அதனால்தானே சொல்கிறாள், இது வல்லாரையே இல்லையென்று.

வல்லாரை இலையில் ஒரு வெட்டு இருக்கும். காம்பு அந்த வெட்டில் வந்து சேரும். இதில் வெட்டே கிடையாது. காம்பு இலைக்கு நட்டநடுவில் நிற்கிறது, குடைக்குக் கம்பி போல. பெரார்கஞ்சில் எந்த வயல் வரப்பிலும் இதை அவள் கண்டதில்லை.

மூன்று முறை சொல்லிவிட்டாள். மூன்று முறையும் அவர் போனைப் பார்த்துக்கொண்டே "ஹான், ஹான்" என்றார்.

கண்ட இடத்தில் இது முளைப்பதில்லை, மூன்று சாணுக்கு ஒரு வரிசையாக, கயிறு பிடித்தது போல முளைக்கிறது என்றும் சொன்னாள்.

அதையே அவளுக்கு எதிரான சாட்சியாக்கிக்கொண்டார். தானாக முளைக்கிற களை வரிசையிலா முளைக்கும்?

"நாளைலேர்ந்து வராதே. எல்லாத்தையும் பேத்துட்டு, போன வருஷம் மாதிரியே மெயின்லாண்ட் புல்லு போடறோம். கப்பல்ல வந்தாச்சு. உன் கை அதுல படவே வேணாம்."

அவள் களைக்கொத்தை வைக்கக் கொட்டகைக்குப் போனாள்.

ஈரச் சாக்குக்குள் புல் பாய்கள் சுருட்டி அடுக்கியிருந்தன. ஒரு சாக்கை விலக்கினாள். பாயின் அகலத்தில் கையை விரித்து வைத்தாள்.

மூன்று சாண்.

ஓரத்தில், புல்லுக்கிடையே, காசளவுக்கு ஒரு பச்சை. வெட்டு இல்லை. காம்பு நடுவில்.

பழக்கத்தில் களைக்கொத்து அதை நோக்கிப் போயிற்று. பாதியில் நின்றது.

அவள் கை இதில் படவே வேண்டாமாம்.

பிறகு வாளியிலிருந்து இரண்டு கையாலும் தண்ணீர் அள்ளி, அது வாடிவிடாதபடி நிதானமாகத் தெளித்தாள். சாக்கை இழுத்து மூடினாள்.