மேலாளரின் ஆறுதல் உரை

கோயம்புத்தூர் ஐஸ் ஹாக்கி அணியின் மேலாளர் கவினரசு இருபத்திரண்டு வருடங்களில் முந்நூறு ஆட்டக்காரர்களை மற்ற அணிகளுக்குக் கைமாற்றியிருந்தார். யாரைக் கொடுத்து என்ன வாங்குவது என்று கணினி சொல்லிவிடும். அவர் கையெழுத்துப் போடுவார். போகிறவருக்கு மேலாளரே வாய் திறந்து ஆறுதல் சொல்ல வேண்டும் என்பது லீக் விதி. அதையும் சாப்பிட்டுக்கொண்டே போனில் முடித்துவிடுவார்.

அன்று அவர் இட்லியைப் பிட்டபோது, நாகர்கோவில் அணிக்கு அனுப்பச் சொல்லிக் கணினி காட்டிய பெயர் கவினரசு.

"விதிப்படி எனக்கு நானே ஆறுதல் சொல்லோணுமா?"

மனைவி பிரணிதா கரண்டியை வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள். "நான் சொல்றனுங்க. இத்தன வருசமாக் கேக்கறேன்ல." தொண்டையைச் செருமிக்கொண்டாள். "தம்பி, இது உங்க திறமையப் பத்தின முடிவே இல்ல. புது ஊரு, புது வாய்ப்பு. நம்ம குடும்பத்துல உங்களுக்கு எப்பவும் எடமிருக்கு."

கவினரசுவுக்குக் கண் கலங்கிவிட்டது. "அடக் கடவுளே, இதையா எல்லார்த்துகிட்டயும் சொன்னேன்? கேக்கவே கேவலமா இருக்குது!"

"நடுவுல சட்னி கேப்பீங்க. அத நான் விட்டுட்டேன்."

தட்டைத் தள்ளி வைத்தார். "எனக்குப் பதிலா யாரு வர்றாங்களாம்?"

பிரணிதா திரையைப் பார்த்தாள். "ஆளில்லீங்க. ஐஸைச் சுரண்டி மட்டம் பண்ற வண்டி. பழசு."

"எத்தன வருசம் ஓடுனது?"

"மூணு."

"மூணே வருசமா? நான் இருபத்திரண்டு வருசம் ஓடுனவனாச்சே!" கவினரசுவின் முகம் மலர்ந்தது. அவசரமாகக் கையைத் துடைத்துக்கொண்டு பேனாவைத் தேடினார். "நாகர்கோவில்காரனுக நல்லா ஏமாந்துட்டானுக, பிரணிதா!"